ஒரு வலைக்கண் போதும்

திலகவதி டீச்சருக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக எதையாவது கேட்டுவிட்டால் உடனே செய்து பார்த்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் டிவியில் யாரோ சொன்னார்கள் என்று பீர்க்கங்காய்த் தோலில் அல்வா கிண்டியவள். அவள் வீட்டுக்காரர் திருமுருகன் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் அதை எடுத்துவிடுவார். ஆகவே புதுக்கோட்டையில் நடந்த கணித ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு அவள் பள்ளிக்குத் திரும்பிய காலையில், ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னவோ வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பயிற்சியில் சொன்னது இதுதான். கணக்கைக் கரும்பலகையிலேயே கட்டிப் போடாதீர்கள். பிள்ளைகள் இன்ஜினியர்கள் மாதிரி ஒரு பொருளைத் திட்டமிடட்டும், அளக்கட்டும், கட்டட்டும், அது சரியாக வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கட்டும். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்கள். உங்கள் வகுப்பில் பலவிதமான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், அந்தந்த வீட்டுத் தொழிலிலும் வழக்கத்திலும் இருக்கிற அறிவிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைத் திலகவதி இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்தாள்.

பலவிதமான வீடுகள் என்றால் அவளுடைய ஒன்பதாம் வகுப்பைத்தான் சொல்ல வேண்டும். பள்ளி கோட்டைப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது. கடற்கரைத் தெருப் பிள்ளைகளின் அப்பாக்கள் விசைப்படகிலும் வள்ளத்திலும் போகிறவர்கள். பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாக்கள் சவூதியிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். மேற்கே உள்கிராமங்களிலிருந்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். போதாததற்கு, இறால் பண்ணை வேலைக்கு வந்த ஒடிசாக்காரக் குடும்பத்திலிருந்து மமதா என்று ஒரு பெண்ணும் அந்த வருடம் சேர்ந்திருந்தாள்.

கட்டுவதற்கு ஒரு பொருள்தான் வேண்டியிருந்தது. அதுவும் தானாகவே கிடைத்தது. கஜா புயலில் விழுந்த சுற்றுச்சுவர் சாலைப் பக்கம் மட்டும் இன்னும் எழும்பவில்லை. ஒருநாள் வாலிபால் ஆடும்போது பந்து சாலைக்கு ஓடியது, பந்தின் பின்னாலேயே ஒரு ஏழாம் வகுப்புப் பையன் ஓடினான். மீன் ஏற்றி வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்த சத்தம் தலைமையாசிரியர் ஆத்மநாதன் அறை வரைக்கும் கேட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு பள்ளியிலிருந்த எல்லாப் பந்துகளும் தலைமையாசிரியர் பீரோவுக்குள் போய்விட்டன.

"வேலி வர்ற வரைக்கும் யாரும் பந்துன்னு வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அவர்.

"வேலிய நாங்களே போடுறோம் சார். கணக்குப் பீரியட்ல" என்றாள் திலகவதி.

ஆத்மநாதன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடித்துவிடுவதாக இருந்தால் செய்துகொள்ளுங்கள் என்றார்.

கடற்கரைத் தெருப் பையன் பிரசாந்தின் மாமா புதிதாக வாங்கி மிச்சம் விழுந்த நைலான் வலைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். சவுக்குக் கம்புகள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் வந்து இறங்கின. திலகவதி பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தாள். கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்கு வலை. உள்கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குழி வெட்டிக் கம்பு நடுவது. பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளுக்குக் கயிறும் ஆணியும் விசாரித்து வாங்குவது, ஏனென்றால் வியாபாரம் அவர்களுக்குக் கைவந்த கலை. பிரித்து முடித்ததும் அவளுக்குப் பரம திருப்தி. பயிற்சியில் சொன்னதை அப்படியே செய்துவிட்டாளே! அந்தக் குழுவில் இருந்த ஹாஜா மைதீனுடைய அப்பா ரியாத்தில் கிரேன் ஓட்டுகிறார், அந்த வீட்டில் ஏழு தலைமுறையாக ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மமதாவை எங்கே சேர்ப்பது என்று கொஞ்சம் குழம்பிவிட்டு, எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கச் சொன்னாள்.

வலைக் குழுவுக்குத் தலைவி அன்புமொழி. அதில் திலகவதிக்கு யோசனையே தேவைப்படவில்லை. வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி அவள். பலகையில் கேள்வியை முழுதாக எழுதி முடிக்கும் முன்பே எழுந்து நிற்பாள். தப்பாகச் சொன்னாலும் கூச்சப்படாமல், "இருங்க டீச்சர், இருங்க" என்று திருப்பிப் போடுவாள். அப்பா இன்னாசி விசைப்படகில் போகிறவர். கணக்கும் தெரியும், வலையும் தெரியும், வேறென்ன வேண்டும்? குழுவின் பெயரைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடி வாடியதைத் திலகவதி பார்த்தாள்தான். பொறுப்புக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வருகிற பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் வலையை விரித்து அளந்தார்கள். பையன்கள் இரண்டு பக்கமும் நின்று நீளவாக்கில் விறைப்பாக இழுத்தார்கள், அன்புமொழி டேப்பைப் பார்த்து முப்பது மீட்டர் என்று எழுதினாள். பிறகு குறுக்குவாக்கில் இழுத்தார்கள், ஐந்து மீட்டர் என்று எழுதினாள். சாலை ஓரமும் சரியாக முப்பது மீட்டர் இருந்தது. திலகவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. அஞ்சு மீட்டர் ஒசரம்! ஒங்க வாலிபால் இல்ல, காக்காகூடத் தாண்டாது" என்றாள்.

அதற்கேற்ப நெடுநெடுவென்று கம்புகள் நட்டாயிற்று. வலை கட்டுகிற நாளில் மற்ற வகுப்புகளும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தன. ஆத்மநாதன்கூட வெளியே வந்து நின்றார்.

ஒரு முனையை முதல் கம்பில் கட்டிவிட்டு மறு முனையைப் பிடித்துக்கொண்டு பையன்கள் நடந்தார்கள். பாதித் தூரம் வரை வலை வலையாகத்தான் இருந்தது. முக்கால் தூரம் தாண்டியதும் அடி விளிம்பு தரையை விட்டு மெல்ல ஏறியது. இன்னும் இழுக்க இழுக்க இன்னும் ஏறியது. கடைசிக் கம்பில் கொண்டுபோய்க் கட்டியபோது, முறுக்கிப் பிழிந்த துண்டு மாதிரி வலை மேலே ஒரே கோடாகக் கிடந்தது. அதற்கடியில் கம்புகளுக்கு நடுவே சாலை பளிச்சென்று தெரிந்தது, அதில் ஒரு டவுன் பஸ் போயிற்று.

பள்ளிக்கூடமே சிரித்தது.

"டீச்சர், வலைய இம்புட்டு விறைப்பா இழுத்தா கண்ணு, அந்த ஓட்டையெல்லாம், மூடிக்கிரும். இழுத்த நீளத்துல பாதியாத்தான் கட்டணும்" என்றான் பிரசாந்த்.

"அளக்கும்போதே இதச் சொல்றதுக்கென்னடா?"

"நீங்க அளக்கச் சொன்னீங்க, இழுத்து அளந்தோம். வலைய இழுத்துத்தான் அளப்பாங்க. எப்படிக் கட்டுறதுன்னு ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் டீச்சர்."

வேடிக்கையைப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும் என்று டீச்சர் நம்பியிருந்தாள், டீச்சருக்குத் தெரியும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் ஒருவன், "முப்பதுக்கு அஞ்சுன்னு எழுதுனது அன்புதான் டீச்சர்" என்றான். "இன்னாசி மாமா மகளுக்கு வலை தெரியல டோய்!" என்று பிரசாந்த் கத்தினான். மறுபடி ஒரு சிரிப்பு கிளம்பியது. தலைமையாசிரியர் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். திலகவதிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஏம்மா அன்பு, மத்தவங்களுக்குத் தெரியாட்டி சரி, நீயே இப்படிப் பண்ணலாமா? ஒங்க வீட்ல பொறந்ததுலருந்து பாக்குறதுதானே?"

சொன்ன உடனேயே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்புமொழி டேப்பைச் சுருட்டித் திலகவதியின் கையில் கொடுத்தாள். குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் அவளுடைய அம்மா செல்வராணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கரையில் கருவாடு காயப்போட்டு, சுத்துப்பட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"வாங்கக்கா, உக்காருங்க. பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள் திலகவதி.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நான் உக்கார வரல."

வேறு இரண்டு ஆசிரியர்கள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு நாசூக்காக வெளியே போனார்கள்.

"எம் மூத்தவன் பத்தாவதோட நின்னுட்டு அவங்கப்பாவோட போட்டுல ஏறுனான். ரெண்டு பேரையும் புடிச்சிக்கிட்டுப் போயி சிலோன் ஜெயில்ல வச்சிருந்தாங்க. நான் ஒவ்வொரு ஆபீஸ் வாசலா உக்காந்து அழுதேன். அவங்க வந்து எறங்குன அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே வீட்டு வாசலத் தாண்டி வலை உள்ள வரக்கூடாதுன்னு. முடிச்சுப் போடுறது, பழுது பாக்குறது எல்லாம் கரையில கொட்டகையோட சரி. இந்தப் பிள்ளைக்கு வலையில ஒரு முடிச்சுப் போடத் தெரியாது டீச்சர். தெரியக் கூடாதுன்னுதான் வளத்தேன்."

திலகவதி அவளுக்காக இழுத்துப் போட்ட நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க அதத்தான் அவ கையில குடுத்திருக்கீங்க. குடுத்துட்டு, ஒனக்குத் தெரியலயான்னு எல்லாரு முன்னாடியும் கேட்டிருக்கீங்க."

"அக்கா, பிள்ளைகளுக்கு வீட்ல பழகுனதுலருந்து கணக்கச் சொல்லிக் குடுத்தா நல்லா வெளங்கும்னுதான்…"

"ஒங்கப்பா என்ன செஞ்சாங்க?"

"விவசாயந்தான். பொன்னமராவதிப் பக்கம்."

"ஒங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க ஒங்க கையில மம்பட்டியவா குடுத்தாங்க?"

செல்வராணி குரலை உயர்த்தவே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரிதான் கேட்டாள். அதனால்தான் திலகவதியால் கோபப்பட முடியவில்லை.

"பாம்பன்ல புதுப்பாலம் கட்டுறதப் பாத்துட்டு வந்ததுலருந்து, நானும் பாலம் கட்டுற இன்ஜினியராவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ டீச்சர் அவ. இப்பக் கணக்கே வேணாங்கிறா. பதினொண்ணாவதுல கணக்கு எடுக்க மாட்டாளாம். அரையாண்டு முடியட்டும், அறந்தாங்கியில எந் தங்கச்சி வீட்ல விட்டுப் படிக்க வைக்கப் போறேன். அங்கிட்டு யாருக்கும் இவ வலைக்காரி மகள்னு தெரியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாலம் கட்டும் ஆசை திலகவதிக்குப் புதுச் செய்தி. ஒன்றரை வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், அந்தப் பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று தெரியும். அந்தப் பெண் என்ன செய்ய நினைக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது திலகவதி தனக்குத் தானே வாதாடிப் பார்த்தாள். நான் என்ன கெட்ட எண்ணத்திலா செய்தேன்? மீன் பிடிப்பது கேவலமா, அதைப் பெருமையாகத்தானே வகுப்புக்குள் கொண்டுவந்தேன்? வாதம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மனசு சமாதானமாகவில்லை. அப்போதுதான் பள்ளிப் பொங்கல் விழா ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருடமும் ஆத்மநாதன், "நீங்கதான் டீச்சர் விவசாயக் குடும்பம்" என்று சொல்லிக் கரும்பு கட்டுவதையும் நெற்கதிர் அலங்காரத்தையும் அவள் தலையில் கட்டிவிடுவார். அவர் பாராட்டாகத்தான் சொல்வார். அவளுக்கோ நெல் நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரிந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அப்பா அவளை வயலில் இறங்கவே விடமாட்டார், பஸ் ஏற்றிப் படிக்க அனுப்பிவிடுவார். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளுக்குள் கருவிக்கொள்வாள். கருவிக்கொண்ட அதே காரியத்தை, பயிற்சி வேறு எடுத்துக்கொண்டு வந்து, வகுப்பு முழுவதற்கும் செய்துவிட்டாளே. அவளுக்கு அவள்மேலேயே கடுப்பாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாகத் தன் தப்பைச் சொன்னாள்.

"அன்பு மேல எந்தத் தப்பும் இல்ல. நீளத்த இழுத்து அளந்தோம். ஒசரத்தையும் இழுத்து அளந்தோம். ரெண்டும் ஒரே நேரத்துல கெடைக்கும்னு நம்பி கம்பு நடச் சொன்னது நான். அவ வீட்டச் சொல்லிக் கேட்டேன் பாருங்க, அது அத விடப் பெரிய தப்பு."

பிரசாந்த் தலையைக் குனிந்துகொண்டான். திலகவதி பலகையில் இருந்த மூன்று குழுக்களின் பெயர்களையும் அழித்தாள். யாருக்கு எது பிடிக்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளலாம் என்றாள். வகுப்பு ஒரு நிமிடம் நம்பாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

"நான் கம்பு டீச்சர். வீட்லயும் வலை, இங்கிட்டும் வலையா?" என்று முதலில் எழுந்தவன் பிரசாந்த்தான். ஹாஜா மைதீனும், உள்கிராமத்திலிருந்து வரும் சந்தோஷ்குமாரும் வலைக்கு ஓடினார்கள். அந்த முடிச்சை எப்படித்தான் போடுகிறார்கள் என்று பார்க்க சந்தோஷ்குமாருக்கு ரொம்ப நாளாக ஆசையாம். கடற்கரைத் தெருவிலேயே இரண்டு பேர், நாங்கள் வலையை விட மாட்டோம் என்று பிடிவாதமாகச் சொன்னார்கள். அதுவும் நியாயந்தான், அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

அன்று பள்ளி முடிந்ததும் திலகவதி கடற்கரைத் தெருவுக்குப் போனாள். செல்வராணி வாசலில் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அன்புமொழி கதவுக்குப் பின்னால் நிற்பது பாவாடை விளிம்பில் தெரிந்தது. திலகவதி அந்தக் கதவைப் பார்த்தே பேசினாள்.

"அன்பு, அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. வகுப்புலயும் சொல்லிட்டேன். வலைய எவ்வளவு நீளத்துக்குக் கட்டுனா எவ்வளவு ஒசரம் நிக்கும்னு எனக்குத் தெரியல. பாதியாக் கட்டணும்னு பிரசாந்துக்குத் தெரியும், ஏன்னு அவனுக்கும் தெரியல. நீ வலையத் தொட வேணாம். எந்தக் குழுவுலயும் இருக்க வேணாம். கணக்கு ஒனக்குப் பிடிச்சா வா. வரலைன்னாலும் நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

செல்வராணி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "வாரேங்க்கா" என்று சொல்லித் திலகவதி கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும், அவசரப்பட்டு வந்துவிட்டோமோ, இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசியிருக்க வேண்டுமோ என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே நடந்தாள்.

திங்கட்கிழமை அன்புமொழி வந்தாள். வழக்கமான இடத்தில் உட்காராமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திலகவதி அவளைக் கண்டுகொள்ளாத மாதிரி இருக்கப் படாத பாடு பட்டாள்.

வகுப்பு அன்று மைதானத்தில் வலையோடு மல்லுக்கட்டியது. இருபது மீட்டருக்கு இழுத்து உயரத்தை அளந்தார்கள், இருபத்திரண்டுக்கு இழுத்து அளந்தார்கள். காற்று அடித்தது, வலை ஊசலாடியது, ஒருவன் டேப்பை மேலே பிடித்தால் இன்னொருவன் கீழே விட்டுவிட்டான். ஒரே நீளத்துக்கு மூன்று வெவ்வேறு உயரம் வந்தது. வெயிலில் எல்லாரும் சோர்ந்துபோய் வகுப்புக்குத் திரும்பினார்கள். பலகை நிறைய எண்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எண்கள்.

"டீச்சர்."

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வகுப்பு திரும்பிப் பார்த்தது.

"முழு வலையும் எதுக்கு டீச்சர்? ஒரு கண்ணு போதும்ல?"

"வா, வந்து போட்டுக் காட்டு" என்றாள் திலகவதி.

அன்புமொழி வந்து பலகையில் ஒரு சாய்சதுரம் வரைந்தாள். வலையில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஓட்டைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

"இந்த நாலு பக்கமும் நூலு. நூல் நீளாது, சுருங்காது. வலைய இழுக்கும்போது மாறுறது இந்த ரெண்டு மூலைவிட்டமுந்தான்." குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் போட்டாள். "ரெண்டும் செங்குத்தா வெட்டிக்கும். அப்படின்னா இது பாதி அகலம், இது பாதி ஒசரம், இது நூலு…"

"செங்கோண முக்கோணம்! நூல்தான் கர்ணம்" என்றான் ஹாஜா மைதீன்.

"கர்ணம் மாறாது. அகலம் கூடுனா ஒசரம் கொறஞ்சே ஆகணும். ரெண்டையும் முழுசா வச்சுக்க முடியாது."

"நூல் பத்துன்னு வச்சுக்குவம்" என்றாள் திலகவதி. அதற்குமேல் அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பாதி அகலம் பத்து என்றால் பாதி உயரம் பூச்சியம் என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு மைதானத்தில் பள்ளிக்கூடமே பார்த்துச் சிரித்தது அந்தப் பூச்சியத்தைத்தான். அகலம் எட்டு என்றால் உயரம் ஆறு. அகலம் ஆறு என்றால் உயரம் எட்டு. ஐந்து என்றால் எட்டரைக்குக் கொஞ்சம் மேலே.

"அதான் எங்க மாமா பாதியாக் கட்டுறாரா! அகலம் பாதி போனாலும் ஒசரம் கொஞ்சந்தான போகுது" என்று பிரசாந்த் எழுந்தே நின்றுவிட்டான். மாமா அதற்காகத்தான் கட்டுகிறாரா, மீன் வந்து மாட்டுவதற்காகவா என்று அவனிடம் திருப்பிக் கேட்டாள் அன்புமொழி. அவனுக்குத் தெரியவில்லை. கேட்டு வருகிறேன் என்றான். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பிறகு பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பாதியாகக் கட்டினால் வேலி பதினைந்து மீட்டரோடு நின்றுவிடும், மீதிச் சாலை திறந்து கிடக்கும். எட்டுக்கு ஆறு என்று, அதாவது பத்தில் எட்டுப் பங்கு அகலமும் ஆறு பங்கு உயரமுமாகக் கட்டினால் முப்பது மீட்டர் வலை இருபத்து நான்கு மீட்டருக்கு வரும், ஐந்து மீட்டர் உயரம் மூன்றாகும். மூன்று போதுமா? தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பந்தை வாங்கி வந்து, அடித்து அடித்துப் பார்த்தார்கள். எப்போதாவது ஒன்று தவிர எல்லாம் மூன்று மீட்டருக்குள் அடங்கின. ஆனாலும் ஆறு மீட்டர் குறைகிறதே, அதற்கு இன்னொரு வலை யார் தருவார்கள் என்று வகுப்பு மண்டையை உடைத்துக்கொண்டது. அதுவரை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மமதா எழுந்து பலகைக்கு வந்தாள். வாலிபால் கோர்ட்டை ஒரு கட்டமாக வரைந்து, அதிலிருந்து, திறந்து கிடக்கும் மூலையை விட்டு விலகி, சமையல்கூடத்துப் பக்கமாக ஒரு அம்புக்குறி போட்டாள்.

"கோர்ட் தள்ளு" என்றாள், அவளுக்குத் தெரிந்த தமிழில்.

வலையை நீட்ட முடியாவிட்டால் ஆட்டத்தை நகர்த்தலாம் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை, டீச்சரையும் சேர்த்துத்தான். திலகவதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கடைசிக் கம்பைப் பிடுங்கித் தள்ளி நட்டது பிரசாந்த் குழு, முனகிக்கொண்டே. மேல்கயிற்றில் எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் வலை வருகிற மாதிரி அன்புமொழி சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொண்டே போனாள். சந்தோஷ்குமாரும் ஹாஜாவும் பின்னாலேயே முடிச்சுப் போட்டு வந்தார்கள். அவள் வலையைத் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவும் இல்லை. கட்டி முடித்ததும் கயிறு நடுவில் கொஞ்சம் தொய்ந்தது, கயிற்றுக்கும் வலைக்கும் எடை உண்டு என்பதை அவர்களுடைய முக்கோணம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நீளமாக நின்ற கம்புகளில் அறுத்தெடுத்த துண்டுகளை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினார்கள். வேலி அவ்வளவு அழகில்லை. ஆனால் நின்றது, பந்து சாலைக்குப் போகவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு மாவட்டத்திலிருந்து ஒரு கல்வி அலுவலர் பார்க்க வந்தார். ஆத்மநாதன் பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு, அன்புமொழியை முன்னால் நிறுத்திக் கணக்கை விளக்கச் சொன்னார்கள். நிதானமாகச் சொன்னாள். கடைசி வரிசையில் குடையும் கையுமாகச் செல்வராணி நிற்பதைத் திலகவதி அப்போதுதான் பார்த்தாள். வந்தே விட்டாளே என்றிருந்தது.

அலுவலர் நல்ல மனுசர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"பிரமாதம்மா. அப்பா என்ன பண்றாரு?"

"கடலுக்குப் போறாரு சார்."

"அதான பாத்தேன்!" என்று தொடையில் தட்டினார் அலுவலர். "மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வலையப் பத்திச் சொல்லியா குடுக்கணும்? ரத்தத்துலயே இருக்கும்ல!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஆத்மநாதன் பெருமையாகத் தலையை ஆட்டினார். திலகவதி கை தட்டவில்லை. இத்தனை பாடுபட்டு வெளியே கூட்டிவந்த பிள்ளையை, ஒரே வார்த்தையில், அதுவும் பாராட்டாகவே, பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாரே. தான் குறுக்கே பேசினால் மரியாதைக் குறைவாகப் போகும் என்று தெரிந்தும் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் அன்புமொழி பேசினாள்.

"இல்ல சார். எனக்கு வலை தெரியாது. கணக்குத் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்று சிரித்தார் அலுவலர்.

"இல்ல சார்." அவள் குரலில் நடுக்கமும் இல்லை, கோபமும் இல்லை. "வலை எங்கப்பாவுக்குத் தெரியும். இது நான் போட்ட கணக்கு."

கை தட்டல் நின்றிருந்தது. அலுவலர் அவளை மறுபடி ஒருமுறை பார்த்தார், இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்து. "சரிம்மா. ஒன் கணக்குத்தான். எங்க, அந்த முக்கோணத்த இன்னொரு தடவ சொல்லு" என்று நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். திலகவதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெயிலுக்குக் கையை வைப்பதுபோல மறைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு செல்வராணி வந்தாள். வேலியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. திலகவதியிடம் வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், இங்க பதினொண்ணாவதுக்குக் கணக்கு குரூப்பு இருக்குல்ல?"

"இருக்குக்கா" என்றாள் திலகவதி.